கான்ட்ராக்ட் விட்டா மிச்சமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்கு பதில் சொல்லும்போது போறபோக்குல "ஒரு வேலைய வெளியில விடறதுக்கு முன்னாடி அரசாங்கம் ஒரு வெள்ளத்தாள்ல கணக்கு போட்டு பாக்கணும், நிறைய எடத்துல அந்த தாளே இருக்காது"ன்னு ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் ஆளாளுக்கு பேனாவை எடுத்துட்டாங்க. அதனால இந்த மாசம் சினிமா கேள்வி, கிரிக்கெட் கேள்வி எல்லாம் ஓரமா வெச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க.

சார், நான் ஒரு அரசு நிறுவனத்துல அசிஸ்டன்ட். எங்க கட்டடத்துல கிளீனிங், வாட்ச்மேன் வேலைக்கு 20 பேர் தொகுப்பூதியத்துல இருக்காங்க. ஏஜென்சிக்கு விடலாம்னு பெரியவர் முடிவு பண்ணிட்டாரு, "எவ்ளோ மிச்சம்னு ஒரு நோட் போட்டு கொண்டாம்மா"ங்கறாரு. நாங்க குடுக்கறது ஆளுக்கு 18,000, அது போக பி.எஃப், இ.எஸ்.ஐ. ஏஜென்சி எல்லாம் சேத்து 17,500ன்னு கொட்டேஷன் குடுத்திருக்கு. எப்படி எழுதறது?
*ஒரு வாசகி, தண்டையார்பேட்டை*

முடிவு பண்ணிட்டு கணக்கு கேக்கறது தாலி கட்டிட்டு ஜாதகம் பாக்கற கதை. பரவால்லம்மா, ஜாதகத்த நாம ஒழுங்காவே பாப்போம்.

இப்போ உங்க செலவு என்ன? ஆளுக்கு 18,000. பி.எஃப்ல ஆபீஸ் பங்கு, சம்பளத்துல 15,000 வரைக்கும்தான் கணக்கு, அதுல 13 சதவீதம், அது 1,950. இ.எஸ்.ஐ 3.25 சதவீதம், அது 585. மொத்தம் 20,535, இருபது பேருக்கு மாசம் 4,10,700. ஏஜென்சிக்கு 17,500 வீதம் 3,50,000. ஆஹா, மாசம் 60,700 மிச்சம்! நிறைய நோட் பைல் இந்த எடத்துலயே கையெழுத்தாயி மேல போயிடும், நீங்க இங்க நிக்காதீங்க, இன்னொரு தடவ கொட்டேஷன பாருங்க, கடைசி வரில சின்ன எழுத்துல "ஜி.எஸ்.டி தனி"ன்னு இருக்கும். ஆள் சப்ளைக்கு 18 சதவீதம், அதாவது 63,000. இப்போ பில் 4,13,000. கட்டுன வரிய திரும்ப எடுக்க வழி இல்லாத ஆபீஸ்னா உங்களுக்கு மிச்சம் இல்ல, மாசம் 2,300 ரூபா கூட போகுது. மாநகராட்சி மாதிரி உள்ளாட்சிக்கு துப்புரவு மாதிரி வேலைல வரி விலக்கு இருக்கு, ஆனா உங்க ஆபீஸ் உள்ளாட்சி இல்லையே.

அடுத்தது, இதான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம். நான் வேலை பாத்த ஒரு ஆபீஸ்ல, பேரு வேணாம், ஜீப்ப ஏலம் விட்டுட்டு வாடகை கார் வெச்சாங்க. பைல்ல மிச்சம்னு காட்டுன கணக்குல ஜீப் டீசல், ரிப்பேர், டிரைவர் சம்பளம் மூணும் இருந்துச்சு. டீசல் நின்னுச்சு, ரிப்பேர் நின்னுச்சு, டிரைவர் எங்க போவாரு? பர்மனென்ட் ஆளு. அவர தபால் செக்‌ஷன்ல உக்கார வெச்சாங்க, ரிடையர் ஆகற வரைக்கும் கவருக்கு பசை தடவிக்கிட்டு அதே சம்பளம் வாங்குனாரு, பாவம் அவர் மேல தப்பு இல்ல. இன்னொரு பக்கம் வாடகை காருக்கு மாசம் இத்தன கிலோமீட்டர்னு ஒரு அளவு, அத தாண்டுனா எக்ஸ்ட்ரா, அந்த எக்ஸ்ட்ரா இல்லாத மாசமே கிடையாது. அந்த பில்ல பாஸ் பண்ணதே நான்தான், அதனால எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அதனால உங்க தாள்ல ஒவ்வொரு செலவுக்கும் நேரா ஒரே ஒரு கேள்வி எழுதுங்க: ஏஜென்சி வந்த மறுநாள் இது நிஜமா நிக்குமா? கட்டடத்துக்கு கரண்ட் பில் நிக்காது. இருபது பேருக்கும் மேல இருக்கற பர்மனென்ட் மேஸ்திரி சம்பளம் நிக்காது. ஹெட் ஆபீஸ் செலவுல உங்க பங்குன்னு ஒரு தொகைய தலைல கட்டுவாங்க பாருங்க, அதுவும் நிக்காது. நிக்கிற செலவு மட்டும்தான் மிச்சம். அதே மாதிரி புதுசா வர்ற செலவையும் எழுதணும், டெண்டர் விளம்பரம், மஸ்டர் (வருகைப் பதிவு) சரி பாக்க ஒரு ஆளு, பி.எஃப் சலான் உண்மையான்னு மாசா மாசம் பாக்க ஒரு ஆளு. இத எல்லாரும் "இருக்கற ஸ்டாஃப் பாத்துக்குவாங்க"ன்னு தள்ளி விடுவாங்க, அந்த இருக்கற ஸ்டாஃப் நீங்கதான்மா.

இன்னும் முடியல. அந்த 17,500அ பிரிச்சு பாருங்க. பி.எஃப், இ.எஸ்.ஐ, 8.33 சதவீதம் போனஸ் எல்லாம் சட்டப்படி கட்டி, யூனிஃபார்ம் குடுத்து, ஏஜென்சிக்கும் நாலு காசு நிக்கணும்னா தொழிலாளிக்கு சம்பளமா 13,500க்கு மேல போட முடியாது. புடிச்சது போக கைக்கு 11,800 கூட வராது. இப்போ அதே ஆளு கைல 16,000 சொச்சம் வாங்குறாரு. ஆக மாசம் நாலாயிரத்துக்கு மேல அவர் வீட்டுலேர்ந்து போகுது, உங்க ஆபீஸுக்கு ஒரு பைசா வரல, அது வரியாவும் கமிஷனாவும் கரைஞ்சு போகுது. பெரியவர் கிட்ட இத பேசுனா காதுல விழாது, எண்ணா எழுதுனா விழும்.

ஏஜென்சி "சர்வீஸ் சார்ஜே வேணாம் சார், சேவையா பண்றோம்"னு வந்தா இன்னும் உஷாரா இருங்க. லாபம் இல்லாம எவன் சார் கடை தொறப்பான்? இருபது பேருக்கு பில், பதினாறு பேரு வேலை, இல்லனா பி.எஃப் கட்டாம சுத்தல்ல விடறது, ரெண்டுல ஒண்ணு. மத்திய அரசு நிதி அமைச்சகம் 2014லயே சர்வீஸ் சார்ஜ் பூஜ்யம்னு போடற டெண்டர கணக்குலயே எடுத்துக்க கூடாதுன்னு உத்தரவு போட்டுடுச்சு, உடனே 0.01 சதவீதம்னு போட ஆரம்பிச்சாங்க, நம்மாளுங்க மூளையே மூளை. நாளைக்கு ஏஜென்சி கூலி தராம ஓடிட்டா யார் தரணும் தெரியுமா? உங்க ஆபீஸ்தான். 1970ல வந்த ஒப்பந்த தொழிலாளர் சட்டத்துலயே முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலைய வெளில விட்ட ஆபீஸ், தலைலதான் அந்த பொறுப்பு எழுதியிருந்துச்சு, புது தொழிலாளர் சட்ட தொகுப்புலயும் அது போகல. அந்த ரிஸ்க்குக்கும் ஒரு வரி எழுதுங்க.

அப்போ நீங்க எதையுமே வெளில விடக்கூடாதுங்கற கட்சியா? பாஸ்போர்ட் ஆபீஸ பாருங்க, தனியார் வந்த அப்புறம் எவ்ளோ சூப்பரா இருக்கு!
*ஒரு கல்லூரி மாணவர், திருவொற்றியூர்*

கட்சி எல்லாம் இல்ல தம்பி, கணக்கு வந்தா சரின்னு சொல்ற ஆளு. பாஸ்போர்ட் நல்ல உதாரணம்தான், ஆனா நீங்க அத பாதிதான் பாத்திருக்கீங்க. சாலிகிராமமோ அமைந்தகரையோ போயிருப்பீங்க, உள்ள ஏ, பி, சின்னு மூணு கவுண்டர் வரும். ஏ கவுண்டர்ல போட்டோ எடுக்கறது, கைரேகை, பேப்பர் ஸ்கேன், அது டி.சி.எஸ்ங்கற தனியார் கம்பெனி ஆளுங்க. பி கவுண்டர்ல பேப்பர சரி பாக்கறவரும், சி கவுண்டர்ல பாஸ்போர்ட் குடுக்கலாமான்னு முடிவு பண்றவரும் அரசாங்க ஊழியர். 2008ல அந்த ஒப்பந்தம் போடும்போதே எது கைவேலை, எது அதிகாரம்னு கோடு கிழிச்சு பிரிச்சிட்டாங்க. க்யூவ சீக்கிரம் நகத்தறத வெளில விடலாம், உனக்கு பாஸ்போர்ட் உண்டா இல்லையாங்கறத விடக்கூடாது. இந்த கோடு போட தெரியாம மொத்தமா தூக்கி குடுக்கற எடத்துலதான் வம்பு.

வியாசர்பாடி கணேசபுரம் சப்வே மழைல எப்படி ஆகும்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சொல்ல வேணாம். அங்க தண்ணி இறைக்க மோட்டார் வாடகைக்கு எடுத்தா நான் குறை சொல்ல மாட்டேன். ஐப்பசி கார்த்திகைல ரெண்டு மாசம் ஓடும், மீதி பத்து மாசம் சும்மா கெடந்து துரு புடிக்கும், அதுக்கு சொந்தமா வாங்கி, ஆபரேட்டர் போட்டு, ஷெட் கட்டி எதுக்கு. ஆனா தெரு கூட்டறது வருஷம் பூரா, தினம் தினம், நம்ம பசங்க பசங்க காலத்துலயும் இருக்கற வேலை. ரெண்டுக்கும் ஒரே தராசு வெக்க முடியாது.

எங்க ஏரியால குப்பை இப்போ தனியார் கைல போயிடுச்சு. தெரு சுத்தமாகுமா ஆகாதா, ஒரே வார்த்தைல சொல்லுங்க.
*ஒரு இல்லத்தரசி, புளியந்தோப்பு*

ஒரே வார்த்தைல முடியாதும்மா, காசு எதுக்கு குடுக்கறாங்கங்கறத பொறுத்தது.

நம்ம ஊர்ல இது புதுசு இல்ல. 2000ல ஓனிக்ஸ்னு ஒரு கம்பெனி வந்துச்சு, ஞாபகம் இருக்கா, தென்சென்னைல வண்டி, யூனிஃபார்ம். அப்போ குப்பை எத்தன டன்னோ அத்தன காசு. எடைக்கு காசுன்னு எழுதுனா எந்த கம்பெனியா இருந்தாலும் அதுக்கு குப்பை குறையறது நஷ்டம், பிரிச்சு போடுன்னு உங்க கிட்ட சொல்றது நஷ்டம், மண்ணும் கல்லும் ஈரமும் லாபம். கணக்கு அப்படி சொல்லுது, நான் யாரையும் குத்தம் சொல்லல. 2020க்கு அப்புறம் போட்ட ஒப்பந்தங்கள்ல வீட்டுக்கு வீடு வாங்குனாங்களா, பிரிச்சு வாங்குனாங்களா, தொட்டி நிரம்பி வழியுதான்னு செயல்பாட்ட பாத்து காசுன்னு மாத்துனாங்க. இது ரொம்ப நல்ல மாத்தம். ஆனா யார் பாக்கறது? தெருவ நடந்து பாத்து மார்க் போட கார்ப்பரேஷன்ல ஆள் இருக்கணும், அந்த ஆளையும் குறைச்சிட்டு மிச்சம்னு எழுதுனா கம்பெனியே பரீட்சை எழுதி கம்பெனியே பேப்பர் திருத்தற மாதிரி ஆகிடும். உங்க தெருவுல நிரம்பி வழிஞ்சா 1913க்கு போன் போட்டு புகார் நம்பர் வாங்கி வெச்சிக்கோங்க, ஒப்பந்தம் செயல்பாட்டுக்குன்னா உங்க புகாரும் ஒரு மார்க்தான்.

கூலி விஷயத்த சொல்லாம இத முடிக்க முடியாது. 2025 ஆகஸ்ட் 1லேர்ந்து ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டல தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சி தலைமை ஆபீஸான ரிப்பன் மாளிகை வாசல்ல உக்காந்தாங்க, 13ந் தேதி ராத்திரி போலீஸ் தூக்கிட்டு போற வரைக்கும். தனியார் கைக்கு போனா வாங்கற கூலி குறையும், வருஷக்கணக்கா பாத்த வேலைல நிரந்தரங்கற பேச்சே போயிடும்ங்கறது அவங்க வாதம். நான் ரெண்டு நாள் அந்த பக்கமா போனேன். முக்கால்வாசி பொம்பளைங்க, வெயில்ல தார்பாய் கீழ, ஒரு அக்கா என்னைய பாத்து "கொரோனால நாங்க மட்டும் வேணும், இப்போ கணக்குல நாங்க செலவா?"ன்னு கேட்டாங்க. தண்டையார்பேட்டை வாசகிக்கு நான் போட்டு காட்டுன கணக்குல கடைசி பாகம் இருக்கு பாருங்க, அது இந்த அக்கா வீட்டு கணக்கு. ஒரு கம்பெனி நல்ல வண்டி வாங்கி, ரூட்ட ஒழுங்கு பண்ணி, ரெண்டு டிரிப்ப ஒரு டிரிப்பா ஆக்கி மிச்சம் புடிச்சா அது திறமை, அதுக்கு காசு குடுக்கலாம். ஆளோட கூலிய குறைச்சு மட்டும் மிச்சம் புடிச்சா அதுக்கு நடுவுல எதுக்கு ஒரு கம்பெனி?

வியாசர்பாடி டிப்போல எலக்ட்ரிக் பஸ் ஓட்டறது தனியாராமே. டிக்கெட் ஏத்துவாங்களா?
*ஒரு வாசகர், எம்.கே.பி. நகர்*

டிக்கெட் விலை அவங்க கைல இல்ல. 2025 ஜூன் 30ல 120 பஸ்ஸோட ஆரம்பிச்சது அது. பஸ்ஸு, டிரைவர், மெயின்டனன்ஸ் எல்லாம் கம்பெனியோடது, கண்டக்டர் மட்டும் எம்.டி.சி, அதாவது மாநகர அரசு பஸ் கழகத்தோட ஆளு. கம்பெனிக்கு கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு காசு, ஏ.சி இல்லாத வண்டிக்கு 77 ரூபா சொச்சம். பஸ் காலியா ஓடுனாலும் அதே 77, ஃபுட்போர்டு வரைக்கும் தொங்குனாலும் அதே 77. ஆக கூட்டம் வருதா வரலையாங்கற ரிஸ்க் மொத்தமும் எம்.டி.சி தலைல. கம்பெனி தலைல இருக்கறது பேட்டரி, பிரேக்டவுன், டிரைவர் லீவு. இது மோசம்னு நான் சொல்லல, பேட்டரி செலவ அடுத்தவன் தலைல கட்டுனது புத்திசாலித்தனம்தான். ஆனா இந்த 77அயும் எம்.டி.சி சொந்த பஸ்ஸோட கிலோமீட்டர் செலவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு யாராவது பேசுனா, கண்டக்டர் சம்பளம் ரெண்டு பக்கமும் சேந்திருக்கா, டிப்போ எடம் யாருது, கரண்ட் பில் யாரு கட்டறதுன்னு மூணு கேள்வி கேளுங்க, முக்காவாசி பேரு டீ சாப்ட போயிடுவாங்க.

மீஞ்சூர் கடல்தண்ணி பிளான்ட்டும் இந்த கதைதானா?
*ஒரு வாசகர், மணலி*

கிட்டத்தட்ட. காட்டுப்பள்ளில இருக்கறது, 2010ல தொறந்தது, தினம் 10 கோடி லிட்டர். கட்டுனதும் ஓட்டறதும் தனியார், மெட்ரோ வாட்டர் (சென்னை குடிநீர் வாரியம்) 25 வருஷத்துக்கு தண்ணிய காசு குடுத்து வாங்குது. 2013ல வந்த நெம்மேலி அதே அளவு, ஆனா பிளான்ட் மெட்ரோ வாட்டரோடது, ஓட்டறதுக்கு மட்டும் கான்ட்ராக்ட். ஒண்ணுல முதல் போட காசு தேவப்படல, இன்னொண்ணுல பிடி நம்ம கைல. 25 வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்து போடற அதிகாரி அது முடியும்போது பேரன ஸ்கூல்ல விட போயிட்டு இருப்பாரு, அதனால நடுவுல ஏரி ரொம்பிடுச்சு, தண்ணி வேணாம்னா என்ன, கரண்ட் விலை ஏறுனா யார் தலைல, இதெல்லாம் முதல் நாளே எழுதியிருக்கணும்.

வெளிநாட்டுல இதெல்லாம் எப்படி பண்றாங்க?
*ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்*

ஐயா, அரசு வேலைய வெளில விடறத பத்தி அமெரிக்கால 1966லேர்ந்து ஏ-76னு ஒரு சுற்றறிக்கை. அதுல எனக்கு புடிச்ச விஷயம் ஒண்ணு, அப்புறமா சேத்தது, வேலைய வெளில விடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற ஊழியர்களும் "நாங்களே வேலைய சீர்படுத்தி இவ்ளோக்கு பண்றோம்"னு போட்டிக்கு விலை குடுக்கலாம். தனியார் ஒரு ரூபா கம்மின்னா போதாது, உள்ள ஆகற ஆள் செலவுல 10 சதவீதம், இல்லனா 1 கோடி டாலர், ரெண்டுல எது கம்மியோ அவ்ளோவாவது குறைச்சு காட்டணும். ஏன்னா மாத்தறதே ஒரு செலவு, ஒரு வீட்ட காலி பண்ணி இன்னொரு வீடு போனா அட்வான்ஸ் போக பெயின்ட்டு, வண்டி, ஒடஞ்ச பாத்திரம்னு ஆகுதுல்ல, அது மாதிரி. ஆனா அங்கயும் இது சண்டையாகி, 2009லேர்ந்து அமெரிக்க காங்கிரஸ் புது போட்டிகளுக்கு தடை போட்டு வெச்சிருக்கு.

இங்கிலாந்துல பட்டுதான் தெரிஞ்சிக்கிட்டாங்க. கேரிலியன்னு ஒரு பெரிய கம்பெனி, ஆஸ்பத்திரி கிளீனிங், ஸ்கூல் சாப்பாடு, ஜெயில் மராமத்துன்னு அரசாங்கத்தோட 450 ஒப்பந்தம் கிட்ட வெச்சிருந்தது, 2018 ஜனவரில படுத்துடுச்சு. கம்பெனி திவாலாகலாம், ஆஸ்பத்திரிய கூட்டாம இருக்க முடியுமா? அரசாங்கமே காசு போட்டு ஓட்டுச்சு. மறுவருஷம் ஒரு வழிகாட்டி போட்டாங்க, டெண்டருக்கு முன்னாடி இந்த வேலைக்கு நியாயமா எவ்ளோ ஆகணும்னு நாமளே கணக்கு போட்டு வெச்சிக்கணும்னு. அந்த கணக்கு கைல இருந்தா, ரொம்ப கம்மியா கேக்கறவன பாத்து சந்தோஷப்படாம சந்தேகப்படலாம். இங்க எல்-1, அதான் இருக்கறதுலயே கம்மி விலை போட்டவன், வந்தா மாலை போடறோம்.

எங்க ஏரியா ஒப்பந்தத்த நாங்க பாக்க முடியுமா?
*ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை*

முடியும். 10 ரூபா கட்டணத்தோட தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, 30 நாள்ல பதில் தரணும். "ஊழல் நடந்துச்சா"ன்னு கேக்காதீங்க, அதுக்கு பதிலே வராது. ஒப்பந்த நகல், கம்பெனிக்கு போட்ட அபராத பட்டியல், வெளில விடறதுக்கு முன்னாடி போட்ட செலவு ஒப்பீட்டு நோட், இந்த மூணையும் பேர் சொல்லி கேளுங்க. மூணாவதுக்கு "அப்படி ஆவணம் ஏதும் இல்லை"ன்னு பதில் வந்தா அதையும் பத்திரமா வெச்சிக்கோங்க.

சார், மறுபடியும் நான்தான். உங்களுக்கு எழுதி போட்ட கையோட நானே பாதி கணக்கு போட்டு பாத்தேன், வரி சேத்தா மிச்சமே வரல. இத அப்படியே எழுதுனா பெரியவர் என்னைய வேற செக்‌ஷனுக்கு மாத்திடுவாரு. என்ன பண்ண?
*அதே தண்டையார்பேட்டை வாசகி*

"மிச்சம் இல்லை"ன்னு எழுதாதீங்கம்மா. தாள்ல கோடு கிழிச்சு மூணு காலம் (column) போடுங்க. இப்போ இருக்கற மாதிரி, ஏஜென்சிக்கு விட்டா, இருக்கறவங்களயே வெச்சு ஷிப்ட்ட ஒழுங்கு பண்ணுனா. மூணாவத மறக்காதீங்க, அநேகமா அதுலதான் நிஜ மிச்சம் இருக்கும், ராத்திரி வாட்ச்மேன் நாலு பேர் நிக்கற கேட்ல ரெண்டு பேர் போதும்னு அந்த வாட்ச்மேனுக்கே தெரியும், அவர கேளுங்க. மூணு காலத்துக்கும் கீழ கூட்டல் போட்டுட்டு "தங்கள் ஆணைக்கு"ன்னு எழுதி தேதியோட கையெழுத்து போடுங்க. எதுல டிக் அடிக்கறதுன்னு அவர் வேலை. ஒரு ஜெராக்ஸ் மட்டும் வீட்டுல, பீரோல, புடவைக்கு அடில.